வெயில் பார்க்காத உடம்பு என்று ஒன்று இல்லை

பாடசாலை விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் எங்கள் பக்கம் கட்டாயம் கேட்கிற ஒரு வசனம் இருக்கிறது. "தோட்டத்துப் பிள்ளைகள்தானே, வெயில் மழை பார்க்காத உடம்பு. ஓடிருவாங்க." இரத்தினபுரியிலோ கேகாலையிலோ ஒரு தோட்டப் பாடசாலையில் படித்த யாரும் இதைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. மரதனில் நம்ம பிள்ளை ஒன்று முன்னுக்கு வந்தால் பாராட்டாகச் சொல்வார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு ஓட விடும்போது சமாதானமாகச் சொல்வார்கள். பாராட்டுக்கும் சமாதானத்துக்கும் ஒரே வசனம் பயன்படுகிறது என்றால் அதைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்கத்தான் வேண்டும்.

இந்த வசனம் நேற்று வந்தது இல்லை. கோப்பிக் காலத்துத் துரைமார் தென்னிந்தியத் தொழிலாளர்களைப் பற்றி நினைத்ததும் ஏறத்தாழ இதேதான்: இவர்கள் சூட்டில் பிறந்தவர்கள், தாங்குவார்கள், கொஞ்சம் போதும். இருநூறு வருசத்தில் நிறைய மாறிவிட்டது. இந்த நினைப்பு மட்டும் மைதானம் வரைக்கும் வந்து நிற்கிறது. கடும் வெயிலிலும் கடுங்குளிரிலும் ஓடிய, நடந்த மனிதர்களின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இந்த நினைப்பு எவ்வளவு பிழை என்று தெரியும். நம்ம ஊர் பாதையில் இருந்தே தொடங்கலாம்.

முதலில் உடம்பு

வரலாற்றுக்குள் போக முன் ஒரு சின்ன விஞ்ஞானம். ஓடும்போது தசை எரிக்கிற சக்தியில் கால்வாசிக்கும் குறைவான பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி எல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியே தள்ள உடம்பிடம் இருக்கிற பெரிய ஆயுதம் வியர்வை. ஒரு லீட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூடு போய்விடும். ஆனால் ஆவியாக வேண்டும், அதுதான் விஷயம். இரத்தினபுரி மாதிரி காற்றே ஈரமாக இருக்கிற ஊரில் வியர்வை ஆவியாகாமல் சொட்டி விழும். சொட்டி விழுந்த வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, உடம்பில் இருந்த தண்ணியை மட்டும் கொண்டுபோகும். அதனால்தான் வரண்ட காற்றில் 33 பாகையும் எங்கள் பக்கத்து 33 பாகையும் ஒன்று இல்லை.

குளிர் என்பது இதன் மறுபக்கம். குளிர்ந்தால் தோலுக்கு வரும் இரத்தத்தை உடம்பு குறைக்கும், நடுங்கிச் சூடு உண்டாக்கும். உடுப்பு நனைந்துவிட்டால் கதை மாறிவிடும். தண்ணி காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் பனி விழாத ஊரிலும், மழையும் காற்றும் சேர்ந்தால் மனிதர் குளிரால் சாகலாம்.

சப்ரகமுவக்காரர்களுக்கு இது புத்தக விஷயம் இல்லை. இரத்தினபுரிப் பக்கமிருந்து சிவனொளிபாத மலை ஏறுகிறவர்கள் ஒரே இரவில் இரண்டையும் பார்ப்பார்கள். நகரம் கடல் மட்டத்தை ஒட்டியே கிடக்கிறது. உச்சி 2,243 மீட்டர். 1,000 மீட்டருக்குச் சுமார் ஆறரைப் பாகை என்ற கணக்கில் மேலே போகப் போக 14 பாகை அளவுக்குக் குறையும். கீழே வியர்த்து நனைந்த சேர்ட்டோடு மேலே காற்றில் நின்று நடுங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மன்னாரிலிருந்து மலைக்கு

நம்ம வரலாற்றில் இந்த இரண்டும் சேர்ந்து ஒரு சனத்தைத் தாக்கிய இடம், வடக்குப் பாதை. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதிலிருந்து இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தோணியில் மன்னார்க் கரை. அங்கிருந்து வன்னிக் காட்டுக்குள்ளால் அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை. கிட்டத்தட்ட 150 மைல், கால்நடையாக.

அந்தப் பாதை வரண்ட வலயம். குளங்கள் பல தூர்ந்து கிடந்த காலம். தண்ணி கிடைத்த இடத்தில் அது நல்ல தண்ணியா என்று பார்க்க வழியில்லை. வாந்திபேதி அந்த வழியில்தான் ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. வயிற்றோட்டம் வந்த உடம்பில் தண்ணி இல்லை, தண்ணி இல்லாத உடம்பு வியர்க்காது, வியர்க்காத உடம்பை வெயில் விடாது. நோயும் வெயிலும் தனித்தனியாகக் கொல்லவில்லை, ஒன்றுக்கொன்று கைகொடுத்துக் கொன்றன. 1840களில் இப்படி வந்தவர்களில் 70,000 பேர் வரை இறந்துபோனார்கள் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை எழுதியது. அந்த எண் சரியா, கூடவா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். செத்தவர்களை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை என்பதுதான் விவாதத்துக்கே காரணம். நடந்து வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் இருந்திருந்தால் விவாதமே தேவைப்பட்டிருக்காது.

வெயிலைத் தாண்டி மாத்தளைக்கு வந்தவர்களுக்கு அடுத்தது மலை. புழுதிப் பாதையில் நடந்து காய்ந்த உடம்பு, ஒற்றை நூல் துணி, அரை வயிறு. மேலே ஏறினால் மழையும் பனிமூட்டமும். இடைவெளி சில நாட்கள்தான். "சூட்டில் பிறந்தவர்கள் தாங்குவார்கள்" என்று நினைத்தவர்கள், அதே ஆட்கள் குளிரில் என்ன ஆவார்கள் என்று யோசிக்கவில்லை.

2023இல், அந்த வருகைக்கு 200 ஆண்டு ஆனபோது, தலைமன்னாரில் ஜூலை 28 அன்று தொடங்கி ஆகஸ்ட் 12 வரை மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. மாண்புமிகு மலையக மக்கள் என்ற பெயரில் பலரும் சேர்ந்து நடந்தார்கள். இப்போது தார் ரோடு, தண்ணிப் போத்தல், கூடவே வாகனம் எல்லாம் இருக்கிற காலம். இருந்தும் அதே பாதையைக் கால்களால் அளந்து பார்ப்பதில் ஓர் அர்த்தம் இருந்தது. தூரம் என்பது வரைபடத்தில் ஒரு கோடுதான். உடம்பில் அது வேற கணக்கு.

கம்பளியின் கணக்கு

குளிருக்குத் தோட்டம் கொடுத்த பதில் கம்பளி. ஆங்கிலத் தோட்டப் பதிவுகளில்கூட இந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேல் மடித்துப் போட்டுக்கொண்டால் மழைக்குக் கொங்காணி, இரவில் போர்வை, பிள்ளைக்குத் தொட்டில், கடைசியில் பிணத்துக்கும் அதுதான். கறுத்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலையில் நிற்கிற ஆட்களின் பழைய படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கம்பளி இனாம் இல்லை. அதன் விலை ஆளின் பேரில் பற்று எழுதப்பட்டுச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று எல்லாம் சேர்ந்துதான் கங்காணியின் கணக்கில் கடன் ஆனது. கடன் தீராமல் ஆள் தோட்டம் மாற முடியாது. துண்டு என்ற ஒரு கடதாசியில் அந்தக் கடனும் ஆளோடு சேர்ந்து அடுத்த தோட்டத்துக்குப் போகும். குளிர்கிற உடம்புக்குப் போர்வை தேவை. அந்தத் தேவையே உடம்பைக் கட்டி வைக்கிற கயிறாகவும் ஆகியது.

சொந்த உபகரணத்தைத் தொழிலாளியே வாங்க வேண்டும் என்கிற இந்தப் பழக்கம் நமக்குப் புதிது இல்லை. இன்று இடுப்பில் கட்டுகிற படங்கைப் பற்றியும், மழைச் சீட்டைப் பற்றியும் அம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள். யார் வாங்கினது என்று கேளுங்கள்.

ஓடுவதே வேலையாக இருந்தவர்கள்

ஓட்டம் விளையாட்டாக ஆவதற்கு முன் அது வேலையாக இருந்தது. தென்னிந்தியாவில் தபால் ஓட்டக்காரர்கள், திருவிதாங்கூரில் அஞ்சலோட்டக்காரர்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. கையில் மணி கட்டிய ஈட்டி. மணிச்சத்தம் கேட்டால் வழிவிட வேண்டும், காட்டு விலங்கும் ஒதுங்கும். ஒருவர் ஒரு குறிப்பிட்ட தூரம் ஓடி அடுத்தவரிடம் பையைக் கொடுப்பார். இன்றைய அஞ்சல் ஓட்டத்துக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று இப்போது தெரிகிறதா?

இலங்கையில் 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கியது. ஆனால் வண்டிப் பாதை முடிகிற இடத்தில் தோட்டம் தொடங்கும். அதற்குப் பிறகு தபாலைக் கொண்டுபோனது மனிதக் கால்கள்தான். ஒவ்வொரு தோட்டத்திலும் தப்பால்காரர் என்று ஒருவர் இருப்பார். தபால் கந்தோருக்கு இறங்கி, துரையின் கடிதங்களையும் பத்திரிகையையும் பையில் போட்டுக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக மேலே ஏறி வருவார். மழையோ வெயிலோ, துரை தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குக் கடிதம் மேசையில் இருக்க வேண்டும். இறைச்சிப் பெட்டியைத் தலையில் சுமந்து ஏறிய ஆட்களும் இப்படித்தான்.

இங்கே ஒரு கசப்பான முரண் இருக்கிறது. தபாலைச் சுமந்து ஓடிய சனத்துக்கு இன்றைக்கும் ஒழுங்கான முகவரி இல்லை. பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குத் தனி இலக்கம் கிடையாது. கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வரும், அங்கிருந்து கைமாறி எப்போது வருகிறதோ அப்போது வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்தி வந்த கதை இல்லாத லயம் ஒன்றைக் காட்டுங்கள்.

நகரத்தில் ஓடியவர்கள் ரிக்‌ஷாக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கொழும்புத் தெருக்களில் ஆளை இழுத்துக்கொண்டு ஓடியவர்களில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். வெறுங்கால், உச்சி வெயில், பின்னால் தொப்பி போட்ட ஒருவர். அந்தக் காலத்துப் படத் தபாலட்டைகளில் அவர்கள் அழகான காட்சியாக இருக்கிறார்கள். அவர்கள் ஓடிய தூரத்தை யாரும் அளந்து சாதனை என்று எழுதவில்லை.

1904, செயின்ட் லூயிஸ்

இப்போது ஒலிம்பிக் பக்கம் போவோம். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உலகக் கண்காட்சியோடு சேர்த்து ஒலிம்பிக் நடந்தது. கண்காட்சியில் சிலோனும் தன் தேயிலைக்காக ஒரு கூடம் வைத்திருந்தது. நம்ம ஆட்கள் பறித்த கொழுந்து அங்கே கோப்பையில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 30, பிற்பகல் 3 மணிக்கு மரதன் தொடங்கியது. வெப்பம் சுமார் 32 பாகை. மண் பாதை. முன்னாலும் பின்னாலும் மோட்டார் வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. வழியில் தண்ணி கிடைத்தது இரண்டே இடங்களில். அது கவனக்குறைவு இல்லை. தண்ணி குடிக்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று பார்க்க ஏற்பாட்டாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்கு ஆசை இருந்தது. 32 பேர் ஓடினார்கள், 14 பேர்தான் முடித்தார்கள். ஒருவர் புழுதியை விழுங்கி உள்ளே இரத்தம் கசிந்து சாகக் கிடந்து தப்பினார். முதலாவதாக வந்த தோமஸ் ஹிக்ஸ் தண்ணி கேட்டபோது வாயை மட்டும் நனைத்துவிட்டு, ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சை முட்டை வெள்ளையோடு கலந்து கொடுத்தார்கள். அவர் 3 மணி 28 நிமிடத்தில் முடித்து விழுந்தார்.

இந்த ஓட்டத்தில் நான் நின்று பார்க்க விரும்புவது ஒன்பதாவதாகவும் பன்னிரண்டாவதாகவும் வந்த இரண்டு பேரை. லென் டவ், ஜான் மஷியானி. தென்னாபிரிக்காவின் ட்ஸ்வானா இனத்தவர்கள். அவர்கள் ஓட்ட வீரர்களாக அமெரிக்கா போகவில்லை. போயர் யுத்தத்தை நடித்துக் காட்டுகிற ஒரு காட்சிக்காகக் கூட்டிக்கொண்டு வரப்பட்டவர்கள். யுத்த காலத்தில் செய்தி சுமந்து ஓடியவர்கள் என்று சொல்லப்படுகிறது, அதாவது ஒருவகையில் தப்பால்காரர்கள். ஒலிம்பிக்கில் ஓடிய முதல் கறுப்பு ஆபிரிக்கர்கள் இவர்கள்தான். டவ் வழியில் ஒரு நாய் துரத்தியதால் பாதையை விட்டு விலகி ஓடி, திரும்பி வந்து ஒன்பதாவதாக முடித்தார்.

அதே கண்காட்சியில், அதே மாதத்தில், "மானிடவியல் நாட்கள்" என்று ஒன்றும் நடந்தது. காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த பழங்குடிகளை, முன்பின் பழகாத விளையாட்டுகளில் ஓடவும் எறியவும் விட்டு, அவர்களின் "இயற்கை" ஆற்றலை அளந்தார்கள். பயிற்சி இல்லாதவர்கள் எதிர்பார்த்தபடியே சுமாராகச் செய்தார்கள். அதை இனத்தின் குறை என்று எழுதினார்கள். நன்றாகச் செய்திருந்தால் இனத்தின் இயற்கை என்று எழுதியிருப்பார்கள். இரண்டிலும் அந்த ஆளின் உழைப்புக்கு இடமில்லை. "தோட்டத்துப் பிள்ளைகள்தானே" என்பதும் இந்தக் குடும்பத்து வசனம்தான்.

எட்டு வருசம் கழித்து, 1912இல் ஸ்டொக்ஹோமில் மறுபடியும் 32 பாகை. போர்த்துக்கல்லின் பிரான்சிஸ்கோ லாசரோ என்ற இளைஞர், தச்சு வேலை செய்தவர், வெயில் சுடாமல் இருக்க உடம்பில் மெழுகு பூசிக்கொண்டு ஓடினார். மெழுகு வியர்வையை அடைத்தது. விழுந்தார், அடுத்த நாள் இறந்தார். அதே ஓட்டத்தில் ஜப்பானின் கனகுரி ஷிசோ வெயில் தாங்காமல் பாதியில் விலகி யாருக்கும் சொல்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தார். 1967இல் சுவீடன்காரர்கள் அவரைக் கூப்பிட்டு மீதித் தூரத்தை ஓட வைத்தார்கள். 54 வருசத்துக்கு மேலான நேரம் எடுத்து முடித்த மரதன் அது. விலகத் தெரிந்தவர் பேரப்பிள்ளைகள் பார்க்க உயிரோடு இருந்தார். நம்ம பாடசாலைகளில் பாதியில் நிற்கிற பிள்ளையை நக்கல் அடிக்கிறவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

யாருடைய உடம்பிலிருந்து வந்த அறிவு

இன்று ஒரு நல்ல பயிற்சியாளர் சொல்வார்: சூடான இடத்தில் ஓட வேண்டுமென்றால் 7 முதல் 14 நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும். பழகினால் இரத்தத்தில் நீர்ப் பங்கு கூடும், வியர்வை முந்தியே தொடங்கும், வியர்வையில் போகிற உப்பு குறையும். எல்லாருக்கும் நடக்கும், எந்த இனமாக இருந்தாலும். ஓய்வில் இருந்தால் சில வாரத்தில் போயும் விடும். ஆக, "வெயிலுக்குப் பழகின உடம்பு" என்பது உண்மை. ஆனால் அது பிறப்பால் வருவது இல்லை, நிரந்தரமும் இல்லை, எல்லையும் உண்டு. தண்ணி இல்லாமல் பழகவே முடியாது. பழகின உடம்பு கூடுதலாக வியர்க்கும் என்பதால் அதற்குத் தண்ணி கூடத்தான் வேண்டும், குறைய இல்லை. நம்ம ஊரில் இதைத் தலைகீழாகத்தான் விளங்கி வைத்திருக்கிறார்கள்.

இந்த அறிவு எங்கே கிடைத்தது தெரியுமா? பெரும்பகுதி தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களில். ஆழமான, ஈரமான, கொதிக்கிற சுரங்கங்களில் 1920களில் கறுப்புத் தொழிலாளர்கள் வெப்ப அதிர்ச்சியால் இறக்க ஆரம்பித்தார்கள். ஆள் செத்தால் கம்பனிக்கு நட்டம். அதனால் 1930களில் வைத்தியர்கள் தொழிலாளர்களைச் சூடான அறைகளில் வேலை செய்ய விட்டு, யார் தாங்குவார், எத்தனை நாளில் பழகுவார் என்று அளந்தார்கள். இன்னொரு பகுதி அமெரிக்க இராணுவத்திலிருந்து வந்தது. புதிதாகச் சேர்ந்த படையினர் பயிற்சியில் சுருண்டு விழுந்ததால், வெப்பம், ஈரப்பதன், வெயில், காற்று எல்லாவற்றையும் ஒரே எண்ணில் காட்டுகிற அளவீடு ஒன்றை 1950களில் உண்டாக்கினார்கள். இன்று பெரிய ஓட்டப் போட்டிகளை நிறுத்துவதா நடத்துவதா என்று முடிவு செய்கிறது அந்த எண்தான்.

சுரங்கத் தொழிலாளியும் சிப்பாயும் விழுந்து கொடுத்த பாடம் அது. வீரர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மற்றத் தொழிலாளர்களுக்குச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

2019இல் டோஹாவில் உலக மெய்வல்லுநர் போட்டி நடந்தது. பெண்கள் மரதனைப் பகலில் நடத்தவே முடியாது என்பதால் செப்டெம்பர் 27 இரவு 11.59க்குத் தொடங்கினார்கள். அப்போதும் 30 பாகைக்கு மேல், ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல். 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. உலகம் முழுக்கக் கண்டனம் வந்தது, வர வேண்டியதுதான். கட்டாரில் வெளிவேலை செய்கிறவர்களுக்கு மதிய நேரத் தடை ஒன்று உண்டு. ஆனால் அது ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. 2021இல் செப்டெம்பர் 15 வரை நீட்டினார்கள். அதாவது, ஓட்ட வீராங்கனைகளுக்கு நள்ளிரவு கூட ஆபத்து என்று சொல்லப்பட்ட அந்த நாளில், கட்டடத்தில் நின்ற நேபாளத்துக்காரருக்கும் இந்தியருக்கும் இலங்கையருக்கும் நண்பகல் சட்டப்படி வேலை நேரம். நம்ம லயங்களிலிருந்து போனவர்களும் அந்த நாட்டில் இருந்தார்கள்.

குளிர்ப் பக்கத்திலும் கதை இதே மாதிரி. 2021 மே 22, சீனாவின் கான்சு மாகாணத்தில் மலைப்பாதையில் 100 கிலோமீட்டர் ஓட்டம். 172 பேர். அரைக் காற்சட்டை, மெல்லிய பனியன். மேலே ஏறியபோது ஆலங்கட்டியும் உறை மழையும் பெருங்காற்றும். காற்றுத் தடுக்கிற மேலங்கி கட்டாயப் பொருட் பட்டியலில் இருக்கவில்லை. 21 பேர் இறந்தார்கள், நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரர் ஒருவர் உட்பட. ஆறு பேரைக் காப்பாற்றியவர் சு கெமிங் என்ற ஓர் ஆட்டிடையர். தான் ஒதுங்கி இருந்த குகைக்குள் அவர்களைக் கொண்டுபோய், நெருப்பு மூட்டி, போர்வையால் மூடினார். நாட்டிலேயே சிறந்த நுரையீரலுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரு கம்பளி.

மரத்துக்குத் தெரிந்த நேரம்

எங்கள் மாவட்டங்களுக்குத் திரும்புவோம். கேகாலை, யட்டியாந்தோட்டை, எஹலியகொடைப் பக்கம் இறப்பர் மலைகளில் பால் வெட்டுகிறவர்கள் விடியவே போய்விடுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். காரணம் ஆளின் நலம் இல்லை. வெயில் ஏறினால் இலைகளால் நீர் போய், மரத்துக்குள் அழுத்தம் குறைந்து, பால் ஓடாது. மரத்துக்கு வெயில் ஆகாது என்பதால் வேலை குளிர்ச்சியில் தொடங்குகிறது. ஆனால் வெட்டி முடிந்து பால் வடிந்து, சிரட்டை சிரட்டையாகச் சேர்த்து, வாளியைத் தூக்கிக்கொண்டு நிறுக்கிற இடத்துக்கு இறங்கும்போது உச்சி வெயில். அந்த நேரத்துக்கு மரத்தின் வேலை முடிந்திருக்கும், ஆளின் வேலை முடிந்திருக்காது. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குப் பேரும் இல்லை.

பலாங்கொடை, இறக்குவானைப் பக்கம் தேயிலையில் நிற்கிற பெண்களுக்கு அந்த அதிகாலைச் சலுகையும் இல்லை. காலைப் பெரட்டிலிருந்து பின்னேரம் வரை மலையில்தான். நிறை குறைந்தால் அரைப்பேரு என்கிற பயத்தில் தண்ணி குடிக்க நிற்கிற ஐந்து நிமிடமும் கணக்கில் வரும். பலர் வேணுமென்றே தண்ணி குறைவாகக் குடிக்கிறார்கள், ஏனென்றால் மலையில் மலசலகூடம் இல்லை. சல்லிவன் 1904இல் ஒரு நாள் செய்த பரிசோதனை இங்கே தினமும் நடக்கிறது, அளக்க மட்டும் யாரும் இல்லை.

ஒவ்வொரு வருசமும் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடும். சப்ரகமுவ மாகாணத்தின் பெயர் அதில் அடிக்கடி வரும். வேலைத்தளங்களில் தண்ணி குடியுங்கள், அடிக்கடி நிழலில் ஓய்வெடுங்கள் என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்தக் கடதாசி எந்தப் பெரட்டுக் களத்தில் வாசிக்கப்பட்டிருக்கிறது?

மைதானத்தில்

அதே பெப்ரவரி, மார்ச்தான் நம்ம பாடசாலைகளின் விளையாட்டுப் போட்டிக் காலம். முதலாம் தவணை, சூடான பருவம், மரதன் ஓட்டம், மூன்றும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. 2024 மார்ச் 11 அன்று அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் இறந்துபோனான். வைத்தியசாலைக்கு முன்னால் ஊர் சனம் திரண்டது. வெப்பத்தில் வெளி விளையாட்டுகளைக் கவனமாகப் பார்க்கும்படி கல்வி அமைச்சு அறிவுறுத்தியிருந்த பருவம் அது. யாருடைய பிழை என்பதை விசாரணைகள் சொல்லட்டும். ஓட்டத்தின் நேரத்தையும் தண்ணியையும் தீர்மானிக்கிற அதிகாரம் அந்தப் பிள்ளையிடம் இருக்கவில்லை என்பதைச் சொல்ல விசாரணை தேவையில்லை.

ஓட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலையகத்திலிருந்து 10,000 மீட்டரில் தேசிய சம்பியன் ஆன குமார் சண்முகேஸ்வரன், மரதனில் தேசிய மட்டத்தில் வென்ற வேலு கிரிஷாந்தினி, நம்ம கேகாலை மாவட்டத்து அத்னாவலையிலிருந்து சிட்னி ஒலிம்பிக் பதக்கம் வரை ஓடிய சுசந்திகா ஜயசிங்க, இவர்கள் ஓடியதால்தான் நம்மில் பலர் சப்பாத்து இல்லாமலாவது ஓடத் தொடங்கினோம். ஆனால் இவர்களின் வெற்றியைப் "பழகின உடம்பு" என்று சொல்லி முடித்தால், அவர்கள் விடியக்காலையில் எழும்பிய வருசங்களை அழித்துவிடுகிறோம். அதோடு, அடுத்த பிள்ளையைத் தண்ணி இல்லாமல் ஓட விடுவதற்கும் அனுமதி கொடுத்துவிடுகிறோம்.

செய்ய வேண்டியது பெரிய விஞ்ஞானம் இல்லை. தூர ஓட்டங்களைக் காலை எட்டு மணிக்குள் முடிக்கலாம். 2021இல் ஜப்பான் ஒலிம்பிக் மரதனையே டோக்கியோவிலிருந்து குளிரான சப்போரோவுக்கு மாற்றி, அதுவும் போதாமல் பெண்கள் ஓட்டத்தை முதல் நாள் இரவு ஒரு மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். ஒலிம்பிக்கே நேரம் மாற்றும் என்றால் ஒரு கோட்ட மட்டப் போட்டி மாற்ற முடியாதா? போட்டிக்கு முன் பத்து நாளாவது பழக்கலாம். வழியில் தண்ணி வைக்கலாம். தடுமாறுகிற பிள்ளையை நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, தண்ணி ஊற்றிக் குளிர்விக்க ஒருவர் நிற்கலாம். மலை ஏறுகிற ஓட்டம் என்றால் ஒரு மழை அங்கி. நிற்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கலாம், இதற்குக் காசும் வேண்டாம்.

பிள்ளைக்கு இதைக் கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குக் கேட்காமல் விட முடியாது. மலையில் தண்ணி, நிழல், மலசலகூடம், வெப்ப எச்சரிக்கை நாளில் சம்பளம் வெட்டாத ஓய்வு. இவை எல்லாம் மைதானத்தில் கேட்கிற அதே விடயங்கள்தான், இடம் மட்டும் வேறு. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சு வரும்போது சம்பள எண்ணைப் பற்றி மட்டும் எழுதாமல் இதையும் எழுதுங்கள். உங்கள் தோட்டத்தில் மார்ச் மாதம் பகல் ஒரு மணிக்கு மலையில் எத்தனை பாகை என்று ஒரு சாதாரண வெப்பமானியை வைத்துக் குறித்து அனுப்புங்கள், ஈரப்பதனும் காட்டுகிறதாக இருந்தால் நல்லது. வடக்குப் பாதையில் விழுந்தவர்களை யாரும் எண்ணவில்லை. இந்த முறை எண்ணுவதை நாமே தொடங்கலாம்.